எமிலின் பட்டறைக்கல்

நெப்ராஸ்கா
மார்ச் 13, 1988

அன்புள்ள எமில் அண்ணாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது மாதம் கிடக்கும்போது என் கையெழுத்தில் ஓர் உறை வந்தால், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாய். யாரும் சாகவில்லை. ஆடெலினுக்கு முட்டிவலி, எனக்குத் தொப்பை, மற்றபடி சுகம். போனில் சொல்லலாம் என்று பாதி எண் சுழற்றிவிட்டு வைத்துவிட்டேன். அப்பா பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுவாய். கடிதம் என்றால் படிக்காமல் போட்டாலும் மேஜை மேலேயே கிடக்கும், என்றைக்காவது எடுத்துத்தான் ஆகவேண்டும்.

நிலத்தை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. வேலை இல்லை. சமையலறையில் உட்கார்ந்து ஆடெலின் மாவு பிசைவதில் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் ஒரு டிடெக்டர் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டாள். நீளமான தடி, அடியில் ஒரு தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் கத்தும். "போயி எங்கயாவது குழி தோண்டுங்க, உங்கப்பா மாதிரி," என்றாள்.

அதிலிருந்து, தாத்தா காலத்தில் குடியேறினவர்கள் விட்டுப்போன மனைகளாகப் பார்த்துத் திரிகிறேன். வீடு இருக்காது. அவர்கள் நட்ட ஒரு லைலாக் பூப்புதரும் நிலவறை இருந்த பள்ளமும் இருந்தால் போதும், இறங்கிவிடுவேன். இதுவரை கிடைத்தது பொத்தான், கரண்டி, ஒரு வெள்ளிக் காசு, யாருடையதோ பல்செட். இரும்பை மட்டும் சீண்டுவதே இல்லை. இந்த மனைகளில் கைப்பிடி மண்ணுக்கு ஓர் ஆணி கிடக்கும், எல்லாவற்றையும் தோண்டினால் ஆயுசு போதாது. டிடெக்டரில் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பிவிட்டால் இரும்பு எதுவும் காதில் விழாது. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் வைத்துக்கொள்வோம்.

நம் இடத்தை வாங்கின டுவேன் போன அக்டோபரில் வீட்டைக் கொளுத்தினான். தப்பாக நினைக்காதே. கூரை ஏற்கெனவே உள்ளே விழுந்துவிட்டது. தீயணைப்பு வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முறையாகத்தான் கொளுத்தினான். தோப்பில் இருந்த பன்றிக் கொட்டகையையும் இடித்து, அதன் சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்து ஓடைக்கரையில் கொட்டிவிட்டான். இந்த வசந்தத்தில் மனை, தோப்பு எல்லாம் சேர்த்து மக்காச்சோளம் போடப்போகிறான்.

நவம்பரிலேயே நான் அங்கே இரண்டு தடவை நடந்தாயிற்று. ஒன்றும் கத்தவில்லை. இந்த மாதம் மண் இளகினதும், இன்னொரு தடவை தேடட்டுமா என்று திரும்பப் போய்க் கேட்டேன். "பெருசு, காசு தேடுறது கெடக்கட்டும். மொதல்ல என் டிராக்டர் டயரக் கிழிக்கிற இரும்பையெல்லாம் பொறுக்கிப் போடுங்க. அப்புறம் தங்கமே கெடைச்சாலும் நீங்களே வச்சுக்கங்க," என்றான். சரி என்று, வாங்கின நாளிலிருந்து முதல்முறையாகத் திருகை இரும்புப் பக்கம் திருப்பினேன்.

ஒரு வாரம் பொறுக்கினேன். களைக்கொத்து, குதிரை லாடம், பரம்புப் பற்கள், பாதி அரிவாள், நீ தொலைத்துவிட்டு என்மேல் பழி போட்ட அந்தத் திருப்புளி. ஆமாம், கிடைத்துவிட்டது. கிணற்றடியில். நான் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை, கொட்டகை இருந்த இடத்தின் தெற்கு மூலையில், சத்தம் நிற்கவே இல்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கத்திக்கொண்டே இருந்தது. ஒரு முழம் தோண்டினதும் மெழுகுத்துணி தட்டுப்பட்டது. பிரித்தேன். இடுக்கி மூன்று, சுத்தியல் இரண்டு, குளம்பு ராவுகிற அரம் ஒன்று. எல்லாவற்றிலும் மசகு அப்பியிருக்கிறது, துரு ஏறவே இல்லை. அதற்கும் கீழே உன் பட்டறைக்கல், காய்ச்சின இரும்பை வைத்து நீ அடிக்கிற அந்த இரும்புக் கட்டி. அதை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை.

அண்ணா, அப்பா பொய் சொல்லவில்லை.

உன் தம்பி
மைலோ


கூஸ் பே, ஆரிகன்
மார்ச் 19, 1988

மைலோவுக்கு,

கடிதம் வந்தது.

பட்டறைக்கல் இல்லாத பண்ணை நெப்ராஸ்காவில் எங்கே இருந்தது? எந்தக் குழியில் எந்தக் கல் கிடைத்தாலும் அது என்னுடையது ஆகிவிடாது. உனக்கு இளகின மனசு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நடந்ததை நான் சொல்கிறேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பாதிதான் தெரியும். 42 கோடையில் நான் பட்டாளத்தில் இருந்தேன். போருக்குப் பழைய இரும்பு கொடுங்கள் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் போட்டி நடந்தது. நம் ஊர்ப் பத்திரிகை எனக்கு முகாமுக்கே தபாலில் வரும். கொடுத்தவர்கள் பெயரெல்லாம் போட்டிருந்தார்கள். 'லுட்விக், படையில் இருக்கும் தம் மகனின் கொல்லுப்பட்டறைத் தளவாடங்கள் அனைத்தையும் மனமுவந்து அளித்தார்.' மனமுவந்து! மூன்று வருஷம், ஒவ்வொரு அறுப்புக்கும் அடுத்தவன் வயலில் மக்காச்சோளம் உரித்து நான் வாங்கினது. ரயில் ஏறும்போது அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று.

46ல் திரும்பி வந்து கேட்டேன். கதையை மாற்றினார். இரும்பு சேர்த்த கமிட்டிக்காரர்களிடம், எல்லாவற்றையும் குவியலில் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டுத் தோப்பில் புதைத்துவிட்டாராம். சரி, எங்கே? தெரியாதாம். புதைத்தவருக்கே இடம் தெரியாதாம். இதை நம்பின ஒரே ஆள் நீ.

நீ விடமாட்டாய் என்று தெரியும், அதனால் ஒன்று சொல்கிறேன். பெரிய இடுக்கியின் ஒரு கை முறிந்துபோய், நானே காய்ச்சி ஒட்டினேன். பழகாத கை, ஒட்டு அசிங்கமாக வந்தது. வெட்கப்பட்டு யாரிடமும் காட்டவில்லை. அது இருந்தால் எழுது. இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு எழுதினால் போதும்.

திருப்புளியை நீதான் எடுத்தாய்.

எமில்


நெப்ராஸ்கா
மார்ச் 26, 1988

அண்ணாவுக்கு,

ஒட்டு இருக்கிறது. பெரிய இடுக்கி, வலது கை, பிடிக்கு ஒரு சாண் கீழே. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். அசிங்கம் என்று நீ எழுதினது குறைவு. இதைச் செய்தவர் கொல்லராகாமல் மரம் அறுக்கிற மில்லுக்குப் போனது நம்ம ஊர்க் குதிரைகள் செய்த புண்ணியம் என்கிறாள் ஆடெலின்.

சுற்றியிருந்த துணியையும் கழுவிக் காயப்போட்டேன். நீலக் கட்டம் போட்டது. நம் சாப்பாட்டு மேஜையில் கிடந்த துணி அண்ணா. அம்மா வாங்கிப் போட்டது, அவள் செத்த பிறகும் அப்பா மாற்றவே இல்லை. நீ பட்டாளத்துக்குப் போன கோடையில் ஒருநாள் திடீரென்று அதைக் காணோம். வெறும் பலகையில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். "துணி எங்கப்பா?" என்று கேட்டேன். "கிழிஞ்சுபோச்சு," என்றார். கிழியவில்லை. இப்போதும் ஓர் ஓரத்தில்கூடக் கிழியவில்லை.

புதைத்தவருக்கே இடம் தெரியாதா என்று எகத்தாளமாக எழுதியிருந்தாய். எப்படித் தெரியாமல் போனது என்று நான் சொல்கிறேன், கேள். தோப்பில் தாத்தாவின் கதிரடிக்கிற நீராவி இன்ஜின் நின்றதே, பத்து டன், சக்கரம் பாதி மண்ணுக்குள் இறங்கி. அதன் முன்சக்கரத்திலிருந்து இருபத்திரண்டு தப்படி எண்ணித்தான் புதைத்திருக்கிறார். உலகத்தில் நகராத பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்திருப்பார். ஆனால் பத்திரிகையில் பெயர் வந்ததும் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், அவர் பூமியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், என் கண்ணாலேயே பார்த்தேன். அக்டோபரில் கமிட்டி இரண்டாம் சுற்று வந்தது. "இன்னும் ஏதாச்சும் இருக்குதா லுட்விக்?" என்று கேட்டதுதான் தாமதம், "அந்த இன்ஜினை இழுத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டார். மூன்று டிராக்டர் கட்டி இழுத்தார்கள். போகிற வழியில் நாலு மரம், ஒரு வேலி, எல்லாம் போயிற்று. தோப்பு உழுத வயல் மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பொருளிலிருந்து அளந்தாரோ அந்தப் பொருளையே தூக்கிக் கொடுத்த மனுஷன் நம் அப்பா.

இதற்கு மேலும் இருக்கிறது. அடுத்த வருஷம், போருக்கு இறைச்சி வேண்டும், பன்றி வளருங்கள் என்றார்கள். கொட்டகை கட்டினார். உன் பொருளுக்குப் பக்கத்தில் போய்விடக்கூடாது என்று தள்ளித் தள்ளி இடம் பார்த்து, கடைசியில் நேராக அதன் தலைமேலேயே சிமெண்டை ஊற்றிவிட்டார். அங்கே மட்டும் இருக்காது என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். அதனால்தான் மிச்ச இடமெல்லாம் தோண்டினார். நீ பார்த்தது ஒரு வசந்தம். நான் பார்த்தது இருபத்தைந்து. பனி விலகின முதல் வாரம் மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார், நான் பின்னாலேயே போய்க் குழியை மூடுவேன், மாடு காலை ஒடித்துக்கொள்ளுமே என்று. ஊரில் அவருக்குப் பெருச்சாளி லுட்விக் என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும்.

கல் இன்னும் குழியில்தான் இருக்கிறது. லோடரைக் கொண்டுவந்து தூக்கித் தருகிறேன் என்கிறான் டுவேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். என்ன செய்ய, நீ சொல்.

மைலோ


கூஸ் பே
ஏப்ரல் 2, 1988

மைலோவுக்கு,

ஒட்டு என்னுடையதுதான்.

கல்லைத் தொடாதே. மூடி வை. அந்த டுவேனையும் தொடவிடாதே. வீட்டு வாசலில் வைத்துப் பக்கத்தில் பூச்செடி வளர்க்கிற எண்ணம் ஆடெலினுக்கு இருந்தால், விட்டுவிடச் சொல்.

எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. இங்கே நாலு நாளாக மழை.

எமில்


நெப்ராஸ்கா
ஏப்ரல் 9, 1988

அண்ணாவுக்கு,

உன் ஐந்து வரிக் கடிதத்தை ஆடெலின் இரண்டு தடவை வாங்கிப் படித்தாள். "உங்கண்ணன் வார்த்தைக்கு வரி கட்டுறாரா?" என்று கேட்கிறாள்.

கல்லின் மேல் ஒரு பழைய கதவைப் போட்டு மண் தள்ளி வைத்திருக்கிறேன். ஆனால் எத்தனை நாள் வைக்க முடியும்? டுவேன் நல்ல பையன்தான், இருந்தாலும் அவனுக்கு விதைப்பு இருக்கிறது. "மே அஞ்சாம் தேதி கலப்பைய எறக்குறேன் பெருசு. உங்க அண்ணன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, அதுக்குள்ள அந்தக் குழிய மூடிடணும்," என்று சொல்லிவிட்டான். அவன் சொல்வதில் தப்பு இல்லை.

கொஞ்ச நாள் கொடு என்கிறாய். நாற்பத்திரண்டு வருஷம் ஆயிற்றே அண்ணா, இன்னும் எவ்வளவு? எனக்குக் கோபம் வராது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் வரும். 71ல் அப்பா போனதும் தந்தி அடித்தேன். நீ வருவாய் என்று அடக்கத்தை ஒருநாள் தள்ளிவைத்தேன். பூங்கொத்து வந்தது. எட்டுப் பேர் தூக்க வேண்டிய பெட்டியை ஏழு பேர் தூக்கினோம். உனக்கு என்று விட்ட இடத்தில் வேறு ஆளை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

46ல் ஊர் நடனக் கூடத்தில் நடந்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஊரே அங்கே இருக்கிறது. நீ பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பா என் பொருளைப் பத்திரிகைல பேர் வரணும்னு வித்த ஆளு. இப்பப் பொதைச்சேன்னு பொய் வேற சொல்றாரு," என்றாய். அக்கார்டியன் வாசிக்கிறவன்கூட நிறுத்திவிட்டான். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு, "வாடா மைலோ, மாட்டைக் கறக்கணும்," என்றார். மறுநாள் காலையில் நீ இல்லை. அவர் மறுபடியும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார்.

மன்னிப்புக் கேட்க ஆள் இல்லையே என்று வராமல் இருந்துவிடாதே. நான் இருக்கிறேன். அப்பாவுக்குப் பதில் நான் பாதி ஆளாவது ஆவேன்.

மைலோ


கூஸ் பே
ஏப்ரல் 17, 1988

தம்பி மைலோவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இந்தத் தடவை திரும்பப் படிக்காமல் ஒட்டி அனுப்பிவிடப் போகிறேன்.

நான் அவரை நம்பாமல் போய்விட்டேன், அது தெரியவந்து இப்போது வருந்துகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே ஏறியிருப்பேன். தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்வதற்கு ஒரு வாய் போதும்.

46ல் நான் வந்த வாரம், தேடலாம் வா என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நீ பள்ளிக்கூடம் போயிருப்பாய். முதல்நாள் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு தோண்டினேன். இரண்டாம் நாள் அவரைப் பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே சேற்றில் தப்படி போடுகிறார், நின்று தலையைச் சொறிகிறார், திரும்பவும் ஆரம்பத்துக்கே போகிறார். உள்ளங்கை இரண்டும் பொத்துப்போய் மண்வெட்டிக் காம்பில் ரத்தம். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டியில் பன்றிக் கொழுப்புத் தடவி என்னிடம் பாதியை நீட்டினார். "நாளைக்குக் கெடச்சிடும்டா, இந்தப் பக்கம்தான் எங்கயோ இருக்கு," என்று சிரித்தார். பொய் சொல்கிற ஒரு ஆள் அப்படித் தோண்டமாட்டான் மைலோ. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது.

என் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. பட்டாளத்துச் சிநேகிதன் ஒருவன், கூஸ் பே மில்லில் வேலை காலி இருக்கிறது, மாதக் கடைசிக்குள் வா என்று எழுதியிருந்தான். நான் வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் மூத்தவன். பண்ணை எனக்கு என்று அவர் வைத்திருந்தார். வந்த அன்றே விதைப்புக்கு என்னைக் கேட்டுக்கேட்டுத் திட்டம் போட்டார். எனக்கு இந்த மண்ணும் மாடும் வேண்டாம், கடல் பார்க்கவேண்டும் என்று அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? நாலு வருஷமாக எனக்காகக் காத்திருந்தவர்.

பொய் என்று கத்துவது அதைவிடச் சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் கத்தினேன். அதற்குப் பிறகு யாரும் ஏன் போகிறாய் என்று கேட்கவில்லை. பாவம் பையன், பட்டாளத்தில் இருந்து வந்தவனுக்கு இப்படி ஒரு அப்பன் என்றுதான் பேசினார்கள். இங்கே வந்து பெண்டாட்டியிடம் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன், மில்லில் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிவிட்டது. உன் முதல் கடிதம் வந்தபோது, சத்தியமாக, எனக்குக் கோபம்தான் வந்தது. ஒட்டு இருக்கிறது என்று நீ எழுதின அன்றைக்குத்தான் அந்த ரொட்டி ஞாபகம் வந்தது.

அவர் என் பொருளைத் தொலைத்தார். நான் அவர் பேரைத் தொலைத்தேன். அவர் தெரியாமல் செய்தார்.

எந்த முகத்தோடு அங்கே வருவேன்? டுவேனிடம் சொல்லி மூடிவிடு. கல் அங்கேயே கிடக்கட்டும்.

எமில்


நெப்ராஸ்கா
ஏப்ரல் 25, 1988

அண்ணாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று நாள் நான் டிடெக்டரை எடுக்கவில்லை, மாவு பிசைவதில் நொட்டைகூடச் சொல்லவில்லை. ஆடெலின் பயந்துபோய் மருத்துவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். முதல்நாள் உனக்கு ஒரு பதில் எழுதினேன். அதை அனுப்பியிருந்தால் நீ என்னோடு அடுத்த நாற்பத்திரண்டு வருஷம் பேசமாட்டாய். அவ்வளவு வயது நமக்கு இல்லை என்பதால் அடுப்பில் போட்டுவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு ஆத்திரம்தான். கடல் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. நீ போய்விட்டதால் நான் இருந்தேன். அதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனிமேல் சொல்லமாட்டேன்.

இப்போது என் முறை. இதை ஆடெலினிடம்கூட நான் சொன்னதில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொன்னேன்.

71 பிப்ரவரியில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசிக்கு முந்தின நாள், ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பனி விலகிவிட்டதா என்று கேட்டார். தோண்டப் போகவேண்டும் என்ற நினைப்பு. என்னால் பார்க்க முடியவில்லை. நீ கடிதம் எழுதியிருப்பதாகப் பொய் சொல்லிவிட்டேன். சட்டைப் பையிலிருந்து மின்சாரக் கட்டண ரசீதை எடுத்து, அதைப் பார்த்துப் படிப்பதுபோல் சொன்னேன். 'அப்பா, நீங்க பொதைச்சதா சொன்னதை நான் நம்புறேன். எமில்.' அவ்வளவுதான். செத்துக்கொண்டிருக்கிற ஆளிடம் பொய் சொல்லிவிட்டேனே என்று பதினேழு வருஷமாக மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பாதிரியார் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார், நான் முப்பது சொன்னேன். அது பொய்யே இல்லை என்று போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தப் பேச்சு புரிந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"அவன் அன்னைக்கே நம்பிட்டான்டா," என்றார். "மரத்தடியில ரொட்டி தின்னும்போதே நம்பிட்டான். அவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? போகணும்னு இருந்தான், சொல்ல வாய் வரல. அதுக்கு ஒரு சண்டை வேண்டியிருந்துச்சு. போட்டான், போனான். நல்லாத்தானே இருக்கான்?"

நல்லா இருக்கான் என்றேன். எனக்கு ஒன்றும் விளங்காமல், "அப்ப எதுக்குப்பா இத்தனை வருஷம் தோண்டுனீங்க?" என்று கேட்டேன்.

என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது அவன் பொருளுடா. பாத்துக்கச் சொல்லிட்டுப் போனான்ல," என்றார்.

கல்லை மூடச் சொல்கிறாய். மூடமாட்டேன். டுவேனிடம் இன்று காலையில் பேசினேன், ஐந்தாம் தேதி வரைக்கும் அந்தப் பக்கம் வண்டியை விடமாட்டான். எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருந்தாய். இருக்கிற முகத்தோடு வா. உன் பொருள் கிடைத்துவிட்டது. வந்து வாங்கிக்கொள்.

மைலோ